கவனக்குறைவு அல்ல

பழைய கார் வைத்திருப்பவர்களை எனக்குப் பிடிக்கும். குறித்த நேரத்தில் எங்கேயாவது போய்ச் சேருவோம் என்ற நம்பிக்கையை அவர்கள் எப்போதோ கைவிட்டிருப்பார்கள். அதனால் உட்கார்ந்து நாலு வார்த்தை பேசுவார்கள். புதுக் கார்க்காரர்கள் அப்படி இல்லை. சாவியை மேசைமேல் போட்டு, "எப்ப வரட்டும்?" என்று கேட்டு, பதிலைக்கூடப் போனில் சொல்லச் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். முகம் பார்க்கக் கிடைக்காது.

நான் வந்தது ஒரு வார்த்தையைத் திருத்துவதற்காக, இன்ஸ்பெக்டர் மேடம். யாரும் என்னை இழுத்து வரவில்லை. காலையில் பட்டறையைத் திறந்து பெருக்கி, கையில் இருந்த ஒரு வண்டிக்கு பிரேக் வேலையை முடித்துக் கொடுத்துவிட்டு, பஸ் ஏறி வந்தேன். அந்த மலைப்பாதை விபத்தைப் பற்றி உங்கள் ஸ்டேஷனில் தயாரித்த அறிக்கையில், காரணம் என்ற இடத்தில், 'மெக்கானிக்கின் கவனக்குறைவு' என்று போட்டிருக்கிறீர்கள். மற்றதெல்லாம் சரி. சாலையின் அகலம் சரி. எதிரே வந்த லாரியின் வேகம் ஏறக்குறைய சரி. வண்டியை ஓட்டிய பல் டாக்டர் ஸ்டியரிங்கில் மோதி அந்த இடத்திலேயே இறந்தார் என்பதும் சரி. அந்த ஒரு வார்த்தைதான் தப்பு. முப்பது வருடத் தொழிலில் என்னை யாரும் அப்படிச் சொன்னதில்லை.

முதலிலிருந்து சொல்கிறேன். அப்போதுதான் உங்களுக்கு விளங்கும்.

அந்தக் கார் டாக்டருக்கு மாமனார் வழியில் வந்தது. இரண்டே இருக்கை, துணிக் கூரை, ஆறு சிலிண்டர், கரும்பச்சை நிறம். மாமனார் அதைக் கழுவினார், துடைத்தார், பார்த்துப் பார்த்துப் பூரித்தார். ஓட்டியது மட்டும் இல்லை. டாக்டருக்கு ஓட்ட ஆசை. ஆனால் வண்டி ஒத்துழைக்கவில்லை. நின்றால் உறுமும், ஆக்ஸிலேட்டரை அழுத்தினால் இருமும். மூன்று பட்டறை ஏறி இறங்கிய பிறகுதான் என்னிடம் வந்தார்.

எஞ்சினுக்குப் பெட்ரோல் ஊட்டுவது கம்ப்யூட்டர் வராத காலத்து இன்ஜெக்ஷன். காற்று உள்ளே நுழையும் வாயில் சாஸர் மாதிரி ஒரு தட்டு இருக்கும். எஞ்சின் எவ்வளவு காற்றை இழுக்கிறதோ அவ்வளவுக்குத் தட்டு எழும்பும். தட்டு எழும்பினால் அதோடு சேர்ந்த கை ஒரு சின்னத் தண்டைத் தள்ளும். தண்டு நகர்ந்த அளவுக்குப் பெட்ரோல் ஆறு மெல்லிய குழாய்களில் பிரிந்து போகும். காற்றுக்குத் தகுந்த பெட்ரோல், அவ்வளவுதான் விஷயம். அந்தக் கலவையைக் கூட்டவும் குறைக்கவும் ஒரே ஒரு திருகு, ஆழமான ஓட்டைக்குள். நீளமான ஆலன் கீயை விட்டுத்தான் திருப்ப முடியும். திருப்புவது என்று சொல்வதே அதிகம். நினைத்தால் போதும், எஞ்சினின் குரல் மாறிவிடும்.

முந்தைய மூன்று பேரும் அந்தத் திருகோடுதான் மல்லுக்கட்டியிருந்தார்கள். நான் அதைத் தொடவில்லை. எஞ்சினை ஓடவிட்டு, ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தேன். நல்ல எஞ்சின் என்றால் அப்போது தடுமாற வேண்டும். கணக்கில் வராத காற்று உள்ளே போகிறதல்லவா. இது அசையவே இல்லை. அப்படியென்றால் வேறு எங்கோ ஏற்கெனவே திருட்டுக் காற்று போய்க்கொண்டிருக்கிறது. தட்டுக்கு மேலே இருந்த ரப்பர் குழாயைக் கழற்றி மடக்கிப் பார்த்தேன். அடிப்பக்கத்தில், குளிரில் உதடு வெடித்த மாதிரி ஒரு விரிசல். ரப்பரை மாற்றினேன். அதற்குப் பிறகுதான் திருகில் கை வைத்தேன்.

டாக்டர் ஒரு சுற்றுப் போய்விட்டு வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. "மாஸ்டர், நீங்க மெக்கானிக் இல்ல, மந்திரவாதி" என்றார். மாஸ்டர் என்றுதான் என்னைக் கூப்பிடுவார். அதுவரை என்னை ஊரே 'ஏம்ப்பா' என்றுதான் கூப்பிட்டது. அன்று அவர் போகவில்லை. ஒரு பெயிண்ட் டிரம்மைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, பிளாஸ்கில் இருந்த காபியை மூடியில் ஊற்றி எனக்கும் கொடுத்து, இருட்டும்வரை பேசினார். மாமனாரைப் பற்றி, மகளைப் பற்றி, வாய் நாற்றத்தோடு வந்து காதல் கவிதை சொன்ன ஒரு நோயாளியைப் பற்றி. வயிறு வலிக்கச் சிரித்தேன். கடைசியாக எப்போது அப்படிச் சிரித்தேன் என்று நினைத்துப் பார்த்தேன், ஞாபகம் வரவில்லை.

அதன் பிறகு இரண்டு மாதம் ஆளையே காணோம்.

ஏன் வர வேண்டும்? வண்டிதான் நன்றாக ஓடுகிறதே. அந்த இரண்டு மாதத்தில் எனக்கு ஒன்று தெளிவானது. என் தொழிலில் நான் செய்த மோசமான வேலை அதுதான்.

ஆயில் மாற்ற வந்தபோது, அவர் கை கழுவப் போன நேரத்தில், திருகை ஒரு மயிரிழை அசைத்தேன். அடுத்த சனிக்கிழமை வந்து நின்றார். "காலையில ஸ்டார்ட் பண்ணா லேசா நடுங்குது மாஸ்டர்." பார்த்துவிடலாம் என்றேன். டிரம்மை நானே கவிழ்த்துப் போட்டேன்.

இதை ஏமாற்று என்று எழுதாதீர்கள். அவரே ஒரு நாள் சொன்னார். பல்லை அடைக்கும்போது முதலில் தற்காலிகமாகத்தான் அடைப்பாராம். ஏன் என்று கேட்டேன். "நிரந்தரமா அடைச்சுட்டா அப்புறம் எதுக்கு மாஸ்டர் என்னைத் தேடி வரப்போறாங்க?" என்று கண்ணடித்தார். இரண்டு தொழிலிலும் நியாயம் ஒன்றுதான் என்று அன்றைக்கு எனக்கு நிம்மதியாக இருந்தது.

ஆறு வருடம் அப்படி நடந்தது. ஒரே குறையைத் திரும்பத் திரும்ப வைத்தால் மரியாதை இருக்காது. அதனால் சில சமயம் பெட்ரோலைக் கூட்டுவேன். பிளக்கில் கரி பிடிக்கும், புகை கறுப்பாக வரும், வீட்டம்மா புடவையில் பெட்ரோல் வாடை அடிக்கிறது என்று சண்டை போடுவார். சில சமயம் குறைப்பேன், பிக்கப் போய்விடும். ஆபத்தாக ஒருபோதும் வைத்ததில்லை. அதில் நான் கண்டிப்பானவன். சனிக்கிழமை காலையில் எனக்கு இஸ்திரி போட்ட சட்டை வேண்டும். என் அக்கா, மாடியில் எனக்குச் சமைத்துப் போட்டுக்கொண்டு என்னோடு இருப்பவள், இஸ்திரிப் பெட்டியைத் தேய்த்துக்கொண்டே ஒரு தடவை கேட்டாள்.

"வண்டிக்கு அடியில படுக்கறதுக்கு எதுக்குடா மடிப்புக் கலையாத சட்டை?"

"டாக்டர் வர்றாரு."

"வந்து உனக்கு ஊசி போடப் போறாரா?"

அவளுக்கு நாக்கு அப்படித்தான்.

டாக்டர் என்னைப் பற்றி எதுவும் துருவிக் கேட்க மாட்டார். அது அவருடைய நாகரிகம். எனக்கு அக்கா இருப்பதே அவருக்கு நான்காவது வருடத்தில்தான் தெரியும். அவள் மாடியிலிருந்து கொட்டிய தண்ணீர் காரின் துணிக் கூரைமேல் விழுந்தது, "யாருங்க அது?" என்றார். சொன்னேன். "ஓ" என்றார். அதோடு விட்டுவிட்டார். இன்னொருவராக இருந்தால் கல்யாணம் ஏன் ஆகவில்லை, குழந்தை குட்டி உண்டா என்று குடைந்திருப்பார்.

பல் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் ஆட்கள் கிளினிக்கில் விசாரித்தால் தெரியத்தான் போகிறது. போன வருடம் எனக்குக் கடைவாய்ப் பல் வலி. அவரிடமே போனேன். நல்ல சட்டை, எண்ணெய் வைத்து வாரிய தலை, கையைச் சோப்புப் போட்டு மூன்று தடவை கழுவியிருந்தேன். வரிசையில் உட்காரச் சொன்னார்கள், உட்கார்ந்தேன். நாற்காலியில் சாய்த்துவிட்டு வந்து நின்றார். "வாயை நல்லாத் திறங்க" என்றார். திறந்தேன். வாயைத் திறந்துகொண்டிருக்கும்போது ஒருவன் தன்னை எப்படி அறிமுகப்படுத்திக்கொள்வான்? பல்லைத் தட்டிப் பார்த்தார். "எடுத்துடலாம், இதை வெச்சுக்கிட்டு என்ன பண்ணப் போறீங்க?" என்றார். எடுத்தார். பஞ்சை வைத்துக் கடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, அடுத்த ஆளை வரச் சொன்னார்.

அந்த வார சனிக்கிழமை டிரம்மில் உட்கார்ந்துகொண்டு, "என்ன மாஸ்டர், கன்னம் வீங்கியிருக்கு? ஒரு நல்ல டாக்டரைப் பாருங்க" என்றார். பார்த்தேன் என்றேன். "எடுத்துட்டானா? அவசரக்காரனா இருப்பான். காப்பாத்தியிருக்கலாம்" என்றார்.

எனக்கு இதில் வருத்தம் இல்லை. சட்டையில் கிரீஸ் இல்லாமல் என்னை அவர் பார்த்ததே இல்லை. இஸ்திரி போட்ட சட்டையானாலும் அவர் வரும் நேரத்தில் அதில் கறை பட்டிருக்கும். அடையாளம் தெரியாதது இயற்கை. இதையும் அந்த விபத்தையும் நீங்கள் முடிச்சுப் போடக் கூடாது என்பதற்காகத்தான் நானே சொல்கிறேன்.

இந்த வருடம் ஒரு சனிக்கிழமை உட்காராமல் நின்றுகொண்டே பேசினார். மகளுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது. கிளினிக்கைக் கொடுத்துவிட்டு மகள் இருக்கும் ஊருக்கே போய்விடப் போகிறார்கள். வீட்டைக் கொடுத்தாயிற்று. "இவளையும் குடுத்துடறதுதான் மாஸ்டர்" என்று காரின் மூக்கைத் தட்டினார். வாங்க ஆள் வந்திருக்கிறார். ஓட்டல் முதலாளி ஒருவர்.

நான் பதறவில்லை. ஓடாத வண்டியை எவன் வாங்குவான்? ஓட்டல்காரரின் ஆள் ஓட்டிப் பார்க்க வருவதற்கு முதல் நாள், வண்டியை நன்றாகவே கெடுத்து வைத்தேன். தெருமுனை தாண்டுவதற்குள் நாலு தடவை அடித்து அடித்து நின்றது. சைலன்சரில் வெடிச் சத்தம். வந்தவர் இறங்கி வேர்வையைத் துடைத்துக்கொண்டார். டாக்டர் முகம் சுருங்கியது. பரவாயில்லை, சரிசெய்யக் கொஞ்ச காலம் ஆகும், அதுவரை இருங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன்.

அந்த ஆள் முந்திக்கொண்டார். "ஓடலன்னாலும் ஒண்ணும் இல்ல சார். எஞ்சினை இறக்கி வெச்சுட்டு, ரிசப்ஷன்ல நிக்க வைக்கப் போறோம். பச்சை கலர்தான் முதலாளிக்கு முக்கியம். சோபாவுக்கு மேட்சா இருக்கு."

ஆறு வருடமாக அந்தத் திருகுதான் அவரைச் சனிக்கிழமைதோறும் அழைத்து வந்தது. அன்றைக்கு அது வெறும் திருகாகிவிட்டது. பெட்ரோலைக் கூட்டினால் என்ன, குறைத்தால் என்ன, சோபாவுக்கு மேட்ச்.

வண்டிக்காகத்தான் செய்தேன் என்று சொல்லலாம் என்று பஸ்ஸில் வரும்போது யோசித்தேன். அப்படிப்பட்ட எஞ்சினை இறக்கிவிட்டுக் கூட்டைக் காட்சிக்கு வைப்பது அநியாயம் என்றால் நீங்களும் தலையாட்டுவீர்கள். ஆனால் பொய் சொல்லும் பழக்கம் எனக்கில்லை. வண்டிக்காக என்றால் வண்டியை நொறுங்க விட்டிருப்பேனா?

கொடுப்பதற்கு முன்னால் ஒரே ஒரு நாள் அவளை நல்லபடியாக ஓட்டிப் பார்க்க வேண்டும் என்றார் டாக்டர். மலைப்பாதையில் மேலே போய், ஒரு காபி குடித்துவிட்டு இறங்கி வர வேண்டும். "ஒரு தடவையாவது முழுசா சரி பண்ணிக் குடுங்க மாஸ்டர். அப்புறம் உங்களை நான் தொந்தரவே பண்ண மாட்டேன்."

தொந்தரவு என்றார். அந்த வார்த்தையை அவர் சொல்லியிருக்க வேண்டாம்.

வெள்ளிக்கிழமை மதியம் வேறு வேலை எதையும் எடுக்காமல் அதைப் பிரித்தேன். தட்டைச் சுத்தம் செய்தேன். ஆறு குழாயின் முனைகளையும் கழற்றி ஆறு கண்ணாடி டம்ளர்களில் விட்டு, ஆறிலும் ஒரே அளவு பெட்ரோல் விழுகிறதா என்று பார்த்தேன். அக்காவின் டம்ளர்கள், அதற்குத் தனியாகத் திட்டு வாங்கினேன். எல்லாம் பூட்டி, திருகை வைக்க வேண்டிய இடத்தில் வைத்தேன். ஆறு வருடத்தில் முதல் முறையாக அந்த எஞ்சின் எப்படிப் பேச வேண்டுமோ அப்படிப் பேசியது. மடக்கிய பேப்பரை எஞ்சின்மேல் நிறுத்தி வைத்தேன், விழவில்லை. கொஞ்ச நேரம் கையைக் கட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன். இதை அறிக்கையில் யாராவது எழுத வேண்டும். சரியாக வைக்கத் தெரியாதவன் இல்லை நான்.

பிறகு ஆரம்பித்தேன்.

உங்கள் நிபுணர் திருகைக் கண்டுபிடித்திருக்கிறார். நல்ல மனிதர், மீட்டரெல்லாம் வைத்துக்கொண்டு வந்தார். திருகு சரியான இடத்தில் இல்லை, ஆகவே கவனக்குறைவு என்று முடித்துவிட்டார். திருகு மட்டும் தப்பாக இருந்தால் வண்டி தெருவிலேயே திணறியிருக்கும், டாக்டர் திரும்பிக் கொண்டுவந்திருப்பார் என்று அவருக்குத் தோன்றவில்லை. நான் கை வைத்தது இரண்டு இடத்தில். எஞ்சின் சூடேறச் சூடேறப் பெட்ரோல் அழுத்தத்தைப் பார்த்துக்கொள்ளும் சின்னப் பெட்டி ஒன்று பக்கவாட்டில் இருக்கிறது. முதல் வேலை அங்கே. அந்த வேலை வெளியே தெரியாமல் இருக்கத்தான் திருகு. ஒன்று மற்றதை மூடி மறைக்கும். ஊருக்குள் ஓட்டினால் பட்டு மாதிரி இருக்கும். நன்றாகச் சூடேறி, மேட்டில், பாரம் இழுக்கும்போது ஒரே அழுத்தாக அழுத்தினால் மட்டும், இரண்டு மூச்சு நேரம் எஞ்சினுக்குப் பெட்ரோல் போதாது. வண்டி நிற்காது. தயங்கும், அவ்வளவுதான். பிறகு ஒன்றுமே நடக்காத மாதிரி இழுக்கும்.

அந்தப் பாதை எனக்குத் தெரியும். ஓட்டிப் பார்க்கிறேன் என்று டாக்டரோடு எத்தனையோ தடவை போயிருக்கிறேன். இரண்டாவது வளைவு தாண்டியதும் நேர்ச் சாலை மேடாக ஏறும். கல் குவாரி லாரிகள் நாள் முழுக்க ஏறும், இறங்கும். அந்த இடத்தில் முன்னால் போகும் லாரியை முந்தாமல் டாக்டரால் இருக்க முடியாது. வலது காலை அழுத்திக்கொண்டே, "பாருங்க மாஸ்டர்!" என்பார். குழந்தை மாதிரி.

சாயங்காலமே டாக்டர் வந்து வண்டியை எடுத்துக்கொண்டு போனார். சனிக்கிழமை காலையில் போன் வந்தது.

"மாஸ்டர், வீட்டுல இவளும் வர்றேங்கறா. பக்கத்து சீட் பெல்ட் மாட்டவே மாட்டேங்குது."

"இருங்க சார், வர்றேன்" என்றேன்.

சைக்கிளில் போனேன். அவர்கள் வீட்டு வாசலிலேயே வைத்து அந்த பெல்ட்டைக் கழற்றி, உள்ளே சிக்கியிருந்த துரும்பை எடுத்து, எண்ணெய் விட்டு, இழுத்து இழுத்துப் பார்த்து மாட்டினேன். வீட்டம்மா உட்கார்ந்ததும் நானே அதைப் பூட்டிவிட்டேன். இதை நீங்கள் கவனிக்க வேண்டும், மேடம். அந்த அம்மா இன்று உயிரோடு இருக்கிறார் என்றால் காரணம் நான். அவர்மேல் எனக்கு எந்தக் கோபமும் கிடையாது. டாக்டர் பக்கத்து பெல்ட்டில் எந்தக் கோளாறும் இல்லை. அதை அவர் போட மாட்டார், சட்டை கசங்கும் என்பார். அது அவர் விருப்பம்.

அப்போதும் நேரம் இருந்தது. பானெட்டைத் திறந்து, சும்மா ஒரு தடவை பார்த்துவிடுகிறேன் என்றால் போதும். கை பழகிய வேலை. டாக்டர் ஸ்டியரிங்கில் விரலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். அவர் மட்டும், "அந்த ஊருக்கு ஒரு தடவை வாங்க மாஸ்டர்" என்று சொல்லியிருந்தால் திறந்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்து, "சரி, வரட்டுமா?" என்றார். போய்ட்டு வாங்க என்றேன். தெரு திரும்பும்வரை எஞ்சின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றேன். ஒரு பிசிறு இல்லை.

விபத்து நடந்து மூன்று வாரம் கழித்து அந்த அம்மா பட்டறைக்கு வந்தார். ஊன்றுகோல் ஊன்றி, கூட யாரும் இல்லாமல், ஆட்டோவில். டிரம்மைத் துடைத்துப் போட்டேன். ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு உட்கார்ந்தார்.

"மறைக்காம சொல்லுங்க. வண்டியில ஏதாவது கோளாறா? இல்ல, இவர்தான் தப்பா ஏறினாரா?"

"வண்டி நல்லா இருந்துச்சும்மா" என்றேன்.

"அப்ப இவர்தான்." முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். "எத்தனை தடவை தலையால அடிச்சுக்கிட்டேன், முந்தாதீங்க முந்தாதீங்கன்னு. கேட்டாரா? பேரன் முகத்தைக்கூட சரியாப் பார்க்கல."

டீ வரவழைத்துக் கொடுத்தேன். மனிதர்களுக்குத் தெளிவான பதில் ஒன்று கிடைத்துவிட்டால் துக்கம் சீக்கிரம் ஆறும். போகும்போது, "உங்களை எப்படிக் கூப்பிடறதுன்னுகூட எனக்குத் தெரியல" என்றார். மாஸ்டர் என்றுதான் டாக்டர் கூப்பிடுவார் என்றேன். அந்த அழுகைக்கு நடுவிலும் லேசாகச் சிரித்தார். "அவர் எல்லாரையும் மாஸ்டர்னுதான் கூப்பிடுவாரு. தையல்காரர், முடி வெட்டறவர், பால் போடறவர்... யார் பேரும் அவருக்கு ஞாபகம் இருக்காது." புருஷனை இழந்து நிற்கும் பெண் எதையாவது சொல்லத்தான் செய்வார். நான் பெரிதுபடுத்தவில்லை.

அதன் பிறகுதான் உங்கள் அறிக்கை. கடைத்தெருவில் கேள்விப்பட்டு அக்கா மூச்சிரைக்க ஓடி வந்தாள். வக்கீலையும் பார்த்துவிட்டு வந்திருந்தாள்.

"கவனக்குறைவுன்னா பெருசா ஒண்ணும் ஆகாதாம்டா. அபராதத்தோட விட்டாலும் விட்டுடுவாங்களாம். நீ வாயை மூடிக்கிட்டு இரு, போதும்."

"ஊரெல்லாம் என்ன நினைக்கும்?"

"கை தவறிடுச்சுன்னு நினைக்கும். யாருக்குத்தான் கை தவறல?"

"எனக்குத் தவறல" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். முதலில் புரியாமல் பார்த்தாள். அப்புறம் கதவைப் பிடித்துக்கொண்டாள். மாடிப்படி ஏறிப் போனாள். ராத்திரி தட்டு வைக்கவில்லை. இன்று காலையில் சட்டையை நானே இஸ்திரி போட்டுக்கொண்டேன்.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். கொல்லும் எண்ணம் இருந்ததா என்று கேட்டீர்கள். இருந்தது. இல்லாதவன் இரண்டு இடத்தில் எதற்காகக் கை வைப்பான்? லாரி அந்த நேரத்தில் வந்தது தற்செயல்தானே என்றீர்கள். அந்தச் சாலையில் லாரி வராமல் இருந்தால்தான் தற்செயல். நான் தெரிந்து, தெளிந்து, அளந்து, அந்த மனிதரைக் கொன்றேன். கவனக்குறைவு என்ற வார்த்தையை அடித்துவிட்டு, பக்கத்தில் சின்னதாக ஒரு கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் அக்காவிடம் காட்டுவேன்.

அவருக்கும் எனக்கும் அப்படி என்ன உறவு என்றும் கேட்டீர்கள். சிநேகம். அவருக்கு என்னைப் போல இன்னொருவர் கிடையாது. ஆறு வருடச் சனிக்கிழமைகள் பொய்யாகுமா? இதோ, அவருடைய போனை என் பக்கம் திருப்பிக் காட்டுகிறீர்கள். ஆமாம், அது என் நம்பர்தான். மேலே 'கார்புரேட்டர்' என்று போட்டிருக்கிறது. என் பெயர் இல்லை. உங்களுக்கு இதில் ஏதோ கிடைத்துவிட்ட மாதிரி பார்க்கிறீர்கள். உங்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை, மேடம். அந்த வண்டியில் கார்புரேட்டரே கிடையாது. கார்புரேட்டர் வேறு, இன்ஜெக்ஷன் வேறு. இது இருந்தால் அது இருக்காது. ஆறு வருடம் என் பக்கத்தில் உட்கார்ந்து நான் சொன்னதையெல்லாம் கேட்டவருக்கு அது தெரியாமலா இருந்திருக்கும்? வேடிக்கைக்காகத்தான் அப்படிப் போட்டு வைத்திருக்கிறார். ரொம்ப நெருக்கமானவர்களைத்தான் அப்படியெல்லாம் கேலி செய்யத் தோன்றும்.